டான்ஸ் ஹால் தரை ஏன் காயவில்லை

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நம் ஹோட்டலைப் பற்றி மூன்று பொய்களைக் கேட்டிருப்பீர்கள். வரவேற்புக் கூடத்துத் தொங்குவிளக்கு சீமையிலிருந்து கப்பலில் வந்தது. மாடி மூலை அறையில் ஒரு வைசிராய் படுத்துத் தூங்கினார். தூண் ஒன்றுக்குப் பத்தாயிரம் முட்டையின் வெள்ளைக்கருவைச் சுண்ணாம்பில் அரைத்துப் பூசினார்கள். விளக்கு மதுரையில் வாங்கியது, வண்டியிலிருந்து இறக்கியதே நான்தான். வைசிராய் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததற்கு ஒரு சாட்சியும் இல்லை. முட்டைக் கதை மட்டும் பாதி உண்மை. சாந்தில் முட்டை இருக்கிறது, எண்ணிப் பார்த்தவர்தான் யாரும் இல்லை. விருந்தினர்களிடம் இவற்றைத் தாராளமாகச் சொல்லுங்கள். அவர்கள் கதை கேட்கவும் சேர்த்துத்தான் வருகிறார்கள்.

நான்காவதாக ஒரு பொய் உண்டு. அதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அது பராமரிப்புத் துறையின் புகார்ப் பதிவேட்டில், என் கையெழுத்தில் இருக்கிறது. நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். குழாய்க்கும் ஜெனரேட்டருக்கும் அதனதன் புத்தகம் இருக்கிறது. நான் அந்தப் பொய்யைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். சொந்த ஊர் தளவாய்புரம். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை என்றால் ஒன்று பட்டாளம், இல்லாவிட்டால் போலீஸ். கூடத்தில் மாட்டியிருக்கும் படங்களில் தொப்பி போடாத தலை என்னுடையது மட்டும்தான். உயரம் ஒரு விரற்கடை குறைந்துபோனதால் சிவில் டிப்ளமோ படித்து ஹோட்டலுக்கு வந்தேன். ஆனால் வீட்டுப் பழக்கம் கூடவே வந்தது. எங்கள் வீட்டில் ஒரு பொருள் உடைந்தால் மாலைக்குள் குற்றவாளி பிடிபட்டாக வேண்டும். பிடிபட்டவன்தான் உடைத்தானா என்பதை அப்புறம் யாரும் கேட்பதில்லை. பராமரிப்புத் துறையையும் நான் அப்படித்தான் நடத்தினேன். காலையில் வந்த புகார் மாலையில் முடிந்திருக்கும். அதற்காக எனக்கு நல்ல பெயர், கொஞ்சம் தலைக்கனமும்.

நம் கட்டடத்தை நீங்கள் இனிமேல்தான் தெரிந்துகொள்வீர்கள். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மேற்கே மலையைப் பார்த்தபடி நிற்கிறது. மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் துரைமார் தங்கி, தின்று, குடித்து, ஆடுவதற்காகக் கட்டியது. துரைமாரைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் அவர்களுக்கு வெயில் தாங்காது, வியர்வை ஆகாது. அதனால் காற்றுக்கு வழிவிட்டே கட்டினார்கள். கட்டியதென்னவோ நம் ஆட்கள்தான். தாழ்வாரத்தின் அகலம், கதவுக்கு மேலே திறந்து மூடும் கண்ணாடி, ஜன்னலின் சாய்ந்த பலகைகள், எல்லாம் காற்றுக்காக. இது எனக்கு நன்றாகத் தெரியும். விருந்தினர்களுக்குச் சுற்றிக் காட்டும்போது இதையே அரை மணி நேரம் பேசுவேன்.

தெரிந்துவைத்திருப்பது ஒன்று, செய்வது ஒன்று. சேர்ந்த புதிதில் ஐப்பசி மழையில் ஓர் அறைக் கதவு உப்பிக்கொண்டு மூட மறுத்தது. உடனே ஆசாரியை அழைத்து இழைக்கச் சொன்னேன். கதவு பட்டுப்போல மூடியது. சித்திரையில் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே பூனை போய்வந்தது. அந்த அறையில் தங்கியிருந்த பெரியவர், "பூனைக்குத் தனி வாசலா, ரொம்ப நல்லது" என்று பாராட்டிவிட்டுப் போனார். அன்றே நான் பாடம் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

டான்ஸ் ஹாலுக்கு வருகிறேன். தேக்குப் பலகைத் தரை, உங்களுக்குத் தெரியும். பலகை நேரே மண்ணில் கிடக்கவில்லை. அடியில் ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு வெற்றிடம், அதில் செங்கல் கால்கள், அவற்றின் மேல் மரச்சட்டங்கள், சட்டங்களின் மேல்தான் பலகை. ஆடும்போது தரை லேசாகத் துள்ளட்டும் என்று அப்படிச் செய்தார்கள். துரைமார் துள்ளிய இடத்தில் இப்போது கல்யாண வரவேற்பும் காதுகுத்தும் நடக்கின்றன. வெளிச்சுவரின் அடியில், முழங்காலுக்கும் கீழே, சுற்றிலும் பதினான்கு சின்னத் துவாரங்கள், கம்பி போட்டவை. அவற்றில் சில கம்பிகள் துருப்பிடித்து உதிர்ந்திருந்தன.

ஒருநாள் அந்த வழியாக ஒரு சாரைப்பாம்பு நிதானமாக உள்ளே போனது. பெங்களூரிலிருந்து வந்து தாழ்வாரத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த தம்பதி அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட இருபது வயது இளையவர், நல்ல மனிதர். பாம்பு என்று எழுதிக் காட்டினாலே நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார். "சார், சாயங்காலத்துக்குள்ள ஏதாவது பண்ணுங்க" என்றார். நான் கொத்தனாரை அழைத்துப் பதினான்கு துவாரங்களையும் செங்கல் வைத்து, சிமெண்ட் பூசி, சுவர் நிறத்திலேயே சாயமும் அடித்துவிட்டேன். துவாரம் இருந்த தடமே தெரியவில்லை.

கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "பாம்பு உள்ள இருந்தா என்ன சார் செய்யும்?"

"அது அதோட பாடு" என்றேன். எல்லாரும் சிரித்தோம். மேனேஜர் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த ஹாலைத் துடைப்பவர் செட்டியார்பட்டிக்காரர், நாற்பது வயதுப் பெண். ஒன்பது வருடமாக ஒப்பந்தத்தில் வேலை. நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வீடு திரும்புவோம். ஹோட்டலுக்குள் என்னை "சார்" என்பார். பஸ்ஸில் ஏறினால் "அண்ணாச்சி". வேலை நிரந்தரமானால் அந்த பஸ் முழுக்கப் பால்கோவா கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஏழாவது வருடத்திலிருந்தே கண்டக்டர் ஒவ்வொரு மாதமும் "என்னக்கா, பால்கோவா வருதா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

துவாரங்களை அடைத்த அடுத்த மழைக்காலத்தில் அவர் என் அறைக்கு வந்தார்.

"சார், டான்ஸ் ஹால் தரை காய மாட்டேங்கு. முன்னல்லாம் அந்தக் கோடியில இருந்து தொடச்சுக்கிட்டு இந்தக் கோடிக்கு வாரதுக்குள்ள அது காஞ்சிரும். இப்போ நான் நடந்த தடம் எனக்கே தெரியுது."

"மாப்பை நல்லாப் பிழிஞ்சு போடு தாயி."

"அம்புட்டும் பிழிஞ்சுதான் சார் போடுதேன்."

"இன்னும் பிழி."

நம் பதிவேட்டில் புகார், காரணம், நடவடிக்கை என்று மூன்று கட்டங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்றும் நிரம்பினால்தான் புகார் முடிந்ததாகக் கணக்கு. காரணம்: துடைப்பவர் அதிகத் தண்ணீர் பயன்படுத்துகிறார். நடவடிக்கை: அறிவுறுத்தப்பட்டது. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நிமிட வேலை.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடி வந்தார். "சுவத்தோரம் பலகை மெத்துன்னு இருக்கு சார். வாடையும் நல்லால்ல. ஒரு தடவ வந்துதான் பாருங்களேன்." போனேன். குனிந்து பலகையை அமுக்கிப் பார்த்தேன், சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அறைக்குத் திரும்பி வந்து போன வருட வரியையே பார்த்து எழுதினேன்.

மூன்றாவது மழைக்காலத்தில் அவர் மூன்றாவது முறை வந்தபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. "வருசா வருசம் இதே பாட்டா? தரைய ஊற வச்சதே நீதான்" என்று சத்தம் போட்டேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு போனார். அன்று மாலை பஸ்ஸில் முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். பதிவேட்டில் இந்த முறை 'அறிவுறுத்தப்பட்டது' என்பதற்குப் பதில் 'எச்சரிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

அந்த மழை ஓய்ந்து தை பிறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் குடும்பம் ஒன்று வரவேற்புக்கு டான்ஸ் ஹாலை எடுத்திருந்தது. காலையில் கோயிலில் தாலி கட்டு, மாலையில் நம்மிடம் வரவேற்பு, நானூறு பேர். மேடை போடுவதற்காகக் காலை பதினொரு மணிக்கு நாலு பேர் சேர்ந்து மூலையில் இருந்த பழைய பியானோவைத் தள்ளினார்கள். சுவரோரமாக ஒரு முழம் நகர்ந்ததும் அதன் கால் ஒன்று பலகையை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. ஐம்பது வருடமாக ஒருவரும் வாசிக்காத பியானோ அத்தனை கட்டைகளையும் சேர்த்து ஒரே சத்தமாக வாசித்தது. யாருக்கும் அடியில்லை. மேனேஜருக்குத்தான் முகம் வெளுத்துவிட்டது.

பக்கத்துச் சாமான் அறைத் தரையில் ஒரு மூடுபலகை இருக்கிறது. அதைத் தூக்கினால் ஹாலின் அடிக்குப் போகலாம். டார்ச்சோடும் ஒரு ஸ்குரூ டிரைவரோடும் நானே இறங்கினேன். பகல் நேரத்தில் அங்கே பதினான்கு சதுரமாக வெளிச்சம் விழுந்திருக்க வேண்டும். கும்மிருட்டாக இருந்தது. ஈரமும் பூஞ்சை நாற்றமும் மூச்சை அடைத்தன. பியானோ விழுந்த இடத்துச் சட்டத்தில் ஸ்குரூ டிரைவரைக் குத்தினேன். பால்கோவாவில் ஸ்பூன் இறங்குவது போலப் பிடி வரை இறங்கியது. அங்கிருந்து இருபதடி தவழ்ந்துபோய் இன்னொரு சட்டத்தில் குத்தினேன், அதுவும் அப்படியே. எதிர்ச் சுவர், வாசல் பக்கம் என்று சுவரோரம் முழுக்கப் போயிருந்தது. நடுவில் மட்டும் மரம் கெட்டியாக இருந்தது. ஒரு செங்கல் காலைச் சுற்றிப் பாம்புச் சட்டை ஒன்று கிடந்தது. உள்ளே மாட்டிய பாம்பு எங்கோ ஓர் இடுக்கைக் கண்டுபிடித்து வெளியேறியிருக்கிறது.

மேலே ஏறி வரும்போது மேனேஜர் கையில் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், மூணு வருஷமா எழுதியிருக்கீங்க. எச்சரிக்கைகூடக் கொடுத்திருக்கீங்க. அந்தம்மா கேட்கவே இல்லை பாருங்க. ஒண்ணாம் தேதி அவங்களுக்கு நிரந்தர ஆர்டர் போகுது. நான் கையெழுத்துப் போடப் போறதில்லை. இன்னையோட வேலையை விட்டு நின்னுக்கச் சொல்லிடுங்க."

நான் முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவரே தொடர்ந்தார்: "தண்ணி ஊறினது அந்த மூலை மட்டும்தானே? பிளைவுட் போட்டு மேல கார்பெட் விரிச்சா சாயங்காலத்துக்குத் தாங்கும்ல?"

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தண்ணீர்தான் காரணம் என்றால் கெட்டது ஒரு மூலை மட்டும். ஹாலைத் திறக்கலாம், வரவேற்பு நடக்கும், என் பெயருக்கும் பங்கமில்லை. துவாரம் அடைத்ததுதான் காரணம் என்றால் சுற்றிலும் போய்விட்டது. ஹாலைப் பூட்ட வேண்டும், குற்றவாளி நான். எனக்கு ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. அந்த இருட்டுக்குள் என்னைத் தவிர யாரும் இறங்கப் போவதில்லை. நான் வாய் திறந்து பொய் சொல்லக்கூட வேண்டாம். தலையை ஆட்டினால் போதும்.

உடனே உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான் சொன்னது இது: "செத்த இருங்க சார், ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்."

டீ வரும் வரை நடைவழியில் நின்றேன். எதிரே சீட்டாட்ட அறை. அங்கும் அதே தேக்குத் தரை, அடியில் அதே வெற்றிடம். அதன் துவாரங்களை மட்டும் நான் அடைக்கவில்லை, பாம்பு அந்தப் பக்கம் போகாததுதான் காரணம். அந்த அறைக்குள் செட்டியார்பட்டிக்காரர் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று அது அவர் துடைக்கும் முறையே இல்லை. வேலை போகப்போகிற செய்தி அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது. மாப்பை வாளியில் முக்கி, பிழியாமல், சொட்டச் சொட்ட எடுத்துத் தரையில் ஓர் ஆள் அகலத்துக்கு இழுத்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார். யாரையும் கூப்பிடவில்லை, யாருக்கும் காட்டவில்லை.

டீ வந்தது. நான் பாதி குடிப்பதற்குள் தரையில் ஈரம் ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்தது. முழுதும் குடித்து முடிக்கும்போது நடுவில் ஒரு தட்டளவுதான் மிச்சம்.

அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"பிழியாமத்தான் சார் போட்டேன். காஞ்சிருச்சு பாருங்க."

எனக்குக் கூச்சமாக இருந்தது. வேறு வார்த்தை போட்டு அதை அழகாக்க வேண்டாம். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு மேனேஜரிடம் போனேன்.

"ஹாலைப் பூட்டணும் சார். சுவத்தோரம் சுத்தி எல்லாச் சட்டமும் போயிருச்சு. நாற்காலி போட்டு நானூறு பேரை உக்கார வச்சா இறங்கிரும்."

"தண்ணி எப்படி சார் அவ்வளவு தூரம் போகும்?"

"தண்ணி இல்லை சார். நான். ஓட்டைய அடைச்சேன்ல, காத்து இல்லாம மண்ணு ஈரம் உள்ளயே தங்கிருச்சு, அதான். அந்தம்மா மூணு வருசமா வந்து சொன்னாக. நான்தான் மாத்தி எழுதினேன்."

அவர் என்னையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

பெண்ணின் அப்பாவுக்கு நான்தான் போன் செய்தேன். தாலி கட்டு முடிந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "மழ வருமா?" என்றார். "தையில வராது அண்ணாச்சி" என்றேன். "அப்போ மாமரத்தடியில போடுங்க. எங்க வீட்டம்மா மொதல்லயே அதத்தான் சொன்னாக, நான்தான் டான்ஸ் ஹாலுன்னு ஒத்தக்கால்ல நின்னேன்" என்றார். அதற்கப்புறம் மாலை வரை கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் இரண்டும் நிற்காமல் ஓடின. மேடை, விளக்கு, நாற்காலி, சாப்பாட்டு மேசை எல்லாம் நம் மாந்தோப்புக்குப் போயின. சின்னப் பிள்ளைகள் மண்ணில் குதித்துக் குதித்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றேன். பூட்டிய ஹாலை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

வந்தவர்கள் எல்லாரும் ஏற்பாடே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். இன்று நீங்கள் தோப்பு வரவேற்பு என்று தனியாக விளம்பரம் செய்கிறீர்களே, அது என் தப்பிலிருந்து முளைத்தது.

எனக்கு மெமோ வந்தது. என் அறைக் கதவிலிருந்த பெயர்ப்பலகை அடுத்த வாரம் இறங்கியது. கடைசி ஒன்றரை வருடம், பழைய கட்டட வேலையை முறையாகப் படித்து வந்த ஒரு பெண் பொறியாளருக்குக் கீழே வேலை பார்த்தேன். கெட்டுப்போன சட்டங்களை ஒவ்வொன்றாக மாற்றினோம். பதினான்கு துவாரங்களையும் திறந்து, பாம்பு நுழையாத நெருக்கமான கம்பி வலை போட்டோம். ஒரு மணி நேர வேலை. மூன்று வருடம் முன்பே அதைச் செய்திருக்கலாம். இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்: பழைய கட்டடத்தில் ஓர் ஓட்டையைப் பார்த்தால் அடைக்கும் முன் அது ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். காரணம் என்ற கட்டத்தில் ஒரு மனிதரை எழுதும் முன் இரண்டு தடவை கேளுங்கள். அந்தப் பதிவேட்டில் என் பழைய வரிகளை நான் அடிக்கவில்லை. கீழே சரியான காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டையும் போய்ப் பாருங்கள்.

மேனேஜர் சொன்ன அந்த ஒன்றாம் தேதி செட்டியார்பட்டிக்காரருக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. அன்று மாலை பஸ்ஸில் நிஜமாகவே பால்கோவா. டிரைவர், கண்டக்டர், முன்னால் நின்ற காலேஜ் பிள்ளைகள், தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தா என்று எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தார். அந்தச் சண்டைக்குப் பிறகு அன்றுதான் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பெட்டியை நீட்டினார். நான் எடுக்காமல், பல நாளாக மென்று முழுங்கிக்கொண்டிருந்ததைச் சொன்னேன்.

"தப்பு எம்மேலதான் தாயி. மன்னிச்சுக்கிடு."

"எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றார். எடுத்துக்கொண்டேன்.

"தப்பு உங்க மேலன்னு எனக்கு மொதல்லயே தெரியும்" என்றார், சாதாரணமாக. "உங்களுக்கு எப்போ அண்ணாச்சி தெரிஞ்சிச்சு?"

அதற்குள் செட்டியார்பட்டி வந்துவிட்டது. அவர் பெட்டியை மூடிக்கொண்டு இறங்கிவிட்டார். அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் ஒரே பஸ்ஸில்தான் போனோம். அவர் மறுபடி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை வந்து கூப்பிட்டாரே, அன்று சுவரின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன் என்று எழுதினேன் அல்லவா? நான் கை வைத்தது, உள்பக்கமிருந்து, நான் அடைத்த துவாரத்துக்கு நேர் மேலே. சுவர் ஈரமாக இருந்தது. துடைக்கும் துணியின் தண்ணீர் சுவருக்குள் ஏறாது என்பது எனக்குத் தெரியும். கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு அறைக்குப் போனேன்.

அன்றே தெரியும்.